வேண்டுவது பாலமன்று, நிலம்

திரைப்படம் ஒன்று பெருவெற்றி பெற்றால், அதன் கதை நிகழ்ந்த உலகை மண்ணிலே கட்டியெழுப்பி, கட்டணம் பெற்று மக்களை அதனுள் நடமாட விடுவது இன்று உலகெங்கும் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. 1955 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட நாள் முதலாக, இத்தகைய பூங்காக்களின் ஒவ்வொரு பகுதியும் ஆங்கிலத்தில் ‘நிலம்’ என்னும் பொருள்படவே அழைக்கப்படுகின்றது. தமிழில் நாம் இவற்றைக் கருப்பொருட் பூங்கா என்கின்றோம். நிலம், கருப்பொருள் ஆகிய இவ்விரு சொற்களையும் தொல்காப்பியம் கற்கும் மாணவர் எவரும் எளிதிற் கடந்து செல்லார். திரைப்படம் எப்போது நிலமாகின்றது, எப்போது ஆகாது தோற்கின்றது என்னும் வினாவுக்கு நம் இலக்கணமே விடை தரக்கூடும் என்பது என் கருத்து.

டிஸ்னிலாந்தைப் பற்றிய ஆராய்ச்சி சபரகமுவத் தோட்டங்களிற் பிறந்தோர்க்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர் ஒரு முறை கித்துல்கலைக்குச் சென்று வருதல் நன்று. கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு அப்பால், அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் வீதியோரத்தில், களனி கங்கை பாறைகளிடையே பாயும் இடம் அது. டேவிட் லீன் இயக்கி, 1957 இல் வெளிவந்து, ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ என்னும் படத்துக்காக அங்குதான் மரத்தாலான பெரும்பாலம் ஒன்று கட்டப்பட்டது. படத்தின் இறுதிக் காட்சிக்காக அங்குதான் அது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை கரையோரத்துச் சீமெந்து அடித்தளங்கள் மட்டுமே.

அப்பாலத்தை மீண்டும் எழுப்பி அவ்விடத்தை உல்லாசப் பயணிகளின் தலமாக்க வேண்டும் என்ற பேச்சு இடைக்கிடை எழுவதுண்டு. பாலம் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் தோட்டத்து இளைஞருக்கும் வேலை வரும் என்பது இப்பேச்சின் சாரம். இக்கட்டுரை அக்கருத்தை மறுத்தெழுந்தது. பாலம் கட்டினால் கூட்டம் வராது என்று நான் வாதிடவில்லை. அது நிலமாகாது என்பதும், நிலமெனப் பெயர் பெறுமாயின் பொய் நிலமாகும் என்பதுமே என் வாதம்.

முதலில், வெற்றி பெற்ற நிலங்களை நோக்குவோம். அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில், யூனிவர்சல் நிறுவனத்தின் பூங்காவில், ஹரி பொட்டர் கதைகளின் உலகம் 2010 இல் திறக்கப்பட்டது. கதையின் உச்சக் காட்சிகளாகிய போர்களும் மரணங்களும் அங்கு வருவோரை முதலில் எதிர்கொள்வதில்லை. அவர்களை எதிர்கொள்வது ஒரு சிற்றூரின் கடைத்தெரு. மாணவர் குடிக்கும் இனிய பானம் அங்கு கிடைக்கின்றது. மந்திரக்கோல் விற்கும் கடைக்காரர், கோலே தனக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் சடங்கை நடத்திக் காட்டுகின்றார். 2014 முதல் அந்நிறுவனத்தின் ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குக் கதையில் வரும் புகையிரதத்திலேயே செல்லலாம். மக்கள் உண்பதும், வாங்குவதும், பயணம் செய்வதுமாகிய அன்றாடக் காரியங்களே அங்கு அற்புதமாகின்றன.

நியூசிலாந்தின் மாதமாதா என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள ஒரு பண்ணை இதற்கு மற்றொரு சான்று. பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக அங்கு அமைக்கப்பட்ட ஹொபிட்டன் என்னும் சிற்றூர், பின்னர் ‘த ஹொபிட்’ படங்களுக்காக நிலைத்து நிற்கும் பொருள்களால் மீளக் கட்டப்பட்டது. 2012 முதல் அங்குள்ள மதுச்சாலையில் வருவோர் அமர்ந்து அருந்தலாம். அங்கே போர்க்களம் இல்லை. தோட்டமும், காய்கறிப் பாத்தியும், கொடியில் உலரும் துணியும் உள்ளன. மூன்று படங்களின் பேரிரைச்சலுக்குப் பின்பு மக்கள் தேடிச் சென்றது இந்த அமைதியான இல்லறத்தையே.

இவ்விடத்துத் தொல்காப்பியத்தை நினைவுகூர்தல் பொருந்தும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன கருப்பொருள். மனிதரின் ஒழுக்கமும் உணர்வுமே உரிப்பொருள். ஒரு மலையைக் குறிஞ்சியாக்குவது அதன் உயரம் மட்டுமன்று. அங்குள்ளோர் எதை உண்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர், எவரை வணங்குகின்றனர் என்பவற்றோடு சேர்ந்தே அது குறிஞ்சியாகின்றது. பூங்கா அமைக்கும் அமெரிக்கர் தொல்காப்பியம் படித்திருக்கமாட்டார். எனினும் உணவும் தொழிலும் இன்றி நிலம் இல்லை என்பதை அவர்கள் தம் தொழிலனுபவத்தாற் கண்டறிந்தனர்.

இதனோடு இன்னொன்றையும் கருத வேண்டும். நிலத்துள் நுழைபவர் யாராக நுழைகின்றார்? 2019 இல் டிஸ்னி பூங்காக்களில் திறக்கப்பட்ட ‘ஸ்டார் வோர்ஸ்’ நிலம், படங்களில் எவரும் கண்டிராத ஒரு கோளின் வணிக நகராகும். படத்தின் நாயகருடைய கதை ஏற்கெனவே நடந்து முடிந்தது. அதில் வருபவருக்கு இடமில்லை. புதியதோர் ஊருக்கு வந்த வழிப்போக்கராகவோ அங்கு எவருக்கும் இடமுண்டு. ஹரி பொட்டர் நிலத்தில் அவர் மாணவர். ஹொபிட்டனில் அவர் விருந்தினர். வருபவருக்குத் தரப்படும் வேடமே அந்நிலத்தின் அறம் எதுவென்பதைக் காட்டிவிடும்.

நம் மலைகளில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. அவையும் ஒருவகைக் கருப்பொருள் நிலங்களே. அங்கு தங்குபவர் யாராகின்றார்? துரையாகின்றார். வெள்ளைச் சீருடைப் பணியாள் தேநீர் கொண்டுவர, தாழ்வாரத்திலிருந்து பச்சை மலையை நோக்குகின்றார். கொழுந்து பறிக்கும் பெண் அவர் கண்ணுக்கு மலையின் ஒரு நிறமாகத் தோன்றுகின்றாள். அவள் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாள், அவளது லயக் காம்பிராவில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன அந்நிலத்தின் எல்லைக்குள் வருவதில்லை. உழைப்பை மறைத்து உழைப்பின் பயனை மட்டும் காட்டும் நிலம் இது.

இனிக் கித்துல்கலைக்குத் திரும்புவோம். அங்கு மீளக் கட்ட விரும்பும் பாலம் எத்தகையது? படத்தில் அது கட்டப்படுவது தகர்க்கப்படுவதற்காகவே. அதன் பெருமை முழுவதும் வெடிக்கும் அந்த ஒரு கணத்தில் அடங்கிக் கிடக்கின்றது. அது காட்சி, ஊரன்று. அதன்மேல் எவரும் வாழவில்லை, எதையும் விற்கவில்லை, உண்ணவில்லை. மீளக் கட்டினால் வருபவர் பாலத்தின் நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவார். அவருக்குத் தரக்கூடிய வேடம் இரண்டே: பாலத்தைக் கட்டுவித்த கர்னல், அல்லது அதை உடைக்க வந்த வீரன். பாலத்துக்காக மண் சுமந்தவனின் வேடம் அங்கில்லை. ஏனெனில் அவன் படத்திலேயே இல்லை.

எவன் அவன்? இந்த வினாவிலேதான் நம் கதை தொடங்குகின்றது.

படம் கற்பனை, அதன் பின்னுள்ள பாதை வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் தாய்லாந்தின் பான்பொங் என்னும் இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்தனர். 1942 இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. 60,000 இற்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அறிந்த கணக்கு இது. உலகம் அறியாத கணக்கு இதனிலும் பெரிது. மலாயா, பர்மா, யாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளருள் 80,000 முதல் 100,000 வரையானோர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. மலாயாவிலிருந்து சென்றோருட் பெரும்பகுதியினர் இறப்பர்த் தோட்டத் தமிழர். நல்ல கூலி, குறுகிய கால வேலை என்னும் வாக்குறுதிகளால் சிலரும், வலிந்து பிடிக்கப்பட்டுப் பலரும் சென்றனர். வாந்திபேதியும், வயிற்றோட்டமும், மலேரியாவும், பட்டினியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளிடையே அவர்களது மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். இறந்தோர் பெயரைக் குறித்து வைக்கவும் ஆள் இருந்தது. தோட்டத் தமிழருக்கு அவ்வாறு எவரும் இருந்திலர்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் பெயர் பொறித்த கற்களின் கீழ் உறங்குகின்றனர். அதே பாதையோரத்துக் காடுகளிலே தமிழர் குழிகளிற் கூட்டமாகப் புதைக்கப்பட்டனர். படமோ பாலம் முழுவதையும் பிரித்தானியக் கைதிகளின் கைவண்ணமாகவே காட்டுகின்றது. பொதி சுமக்கும் சயாமியப் பெண்கள் சிலர் அதில் வருகின்றனர். தமிழ்த் தொழிலாளி எவரும் வருவதில்லை.

திரைப்படத்தின் வலிமையை அறியக் காஞ்சனபுரியே போதுமானது. உண்மைப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். படத்தைக் கண்டவர் க்வாய் நதி எங்கே என்று தேடி வரலாயினர். ஆதலால் 1960 அளவில் ஆற்றின் அப்பகுதிக்குக் க்வே யாய் எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. கற்பனைக்கு ஏற்ப ஓர் ஆறே பெயர் மாறியது! ஆற்றின் பெயரை மாற்றவல்ல ஒரு கலை, பெயரின்றி இறந்த பல்லாயிரவரின் நினைவை மாற்றாதென்று எவர் கூறுவார்?

அவர்கள் மலாயாத் தமிழர், இலங்கை மலைகளுக்கு அவர்களோடு என்ன உறவு என்று கேட்கலாம். தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய ஆட்கள் ஒரு கப்பலில் இலங்கைக்கும் இன்னொரு கப்பலில் மலாயாவுக்கும் சென்றனர். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அங்கு இறப்பர் மரத்திற் பால் வெட்டியவரும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டியவரும் ஒரே கத்தியை ஒரே விடியலிற் பிடித்தவர்கள். கப்பல் மாறியிருந்தால் விதி மாறியிருக்கும்.

நான் வளர்ந்த லயத்திலிருந்து கித்துல்கல பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரமே. பாலம் நின்ற இடத்தைச் சிறுவயதில் பலமுறை கடந்திருக்கின்றேன். வெள்ளைக்காரர் படம் எடுத்த இடம் என்பதற்கு மேல் எவரும் எனக்குச் சொன்னதில்லை. சயாம் பாதையில் மாண்ட தமிழரைப் பற்றி நான் அறிந்தது பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பு, மலேசிய எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் வாயிலாகவே. வீட்டு வாயிலில் கிடந்த வரலாற்றைக் கடல் கடந்த நூல்களிற் கற்க நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. சபரகமுவத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறையின் குறை.

இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறும் இதனோடு பின்னியதே. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை தோட்டங்களின் விளைபொருளை ஏற்றிச் சென்ற ஒடுங்கிய புகையிரதப் பாதை 1942 இல் மூடப்பட்டது. சயாமில் பாதை போடும் வேலை தொடங்கிய அதே ஆண்டு அது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், மெய்யான பாதையை இழந்த அப்பள்ளத்தாக்கிற்குப் படத்துக்காகப் பொய்ப் பாதை ஒன்று வந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், அப்போது அங்கு கொழுந்து பறித்தவருள்ளும் பால் வெட்டியவருள்ளும் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர். படத்தில் தமிழ்த் தொழிலாளி இல்லை. படம் எடுக்கப்பட்ட நாட்டின் குடிமக்கள் பதிவிலும் அவன் இல்லை.

இனி மறுப்புரைகளை நோக்குவோம். படம் கலை, அதில் வரலாற்றைத் தேடுதல் தகாது என்பர் சிலர். படத்தின் கலைச்சிறப்பை நான் மறுக்கவில்லை. தான் கட்டிய பாலத்தின் மீது பெருமை கொண்டு, அது பகைவனுக்குப் பயன்படுவதையே மறந்துவிட்ட ஒரு கர்னலின் வீழ்ச்சியை அது ஆழமாகக் காட்டுகின்றது. ஆயின் படத்தைத் திரையிற் காண்பது வேறு. மண்ணில் நிலமாக நாட்டுவது வேறு. திரையில் விடுபட்டது ஓர் இயக்குநரின் தேர்வு எனலாம். மண்ணிலும் விடுபட்டால் அது அம்மண்ணிற்கு உரியோரை வெளியேற்றுவதாகும்.

அமெரிக்க அனுபவம் இதற்குப் பாடமாகும். அடிமை ஒழிப்பின் பின்னான தென்மாநிலப் பெருந்தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்டு டிஸ்னி நிறுவனம் 1946 இல் ‘சோங் ஒஃப் த சவுத்’ என்னும் படத்தை வெளியிட்டது. அது கறுப்பின மக்களின் துயரை இனிமை பூசி மறைத்தது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. எனினும் அப்படத்தின் விலங்குக் கதைகளைக் கொண்டு 1989 இல் டிஸ்னிலாந்தில் நீர்ச்சறுக்குக் கேளிக்கை ஒன்று அமைக்கப்பட்டது. தோட்டத்தை மறைத்து முயலையும் நரியையும் மட்டும் காட்டினர். மக்கள் அதை விரும்பவே செய்தனர். ஆயினும் மறைத்தது மறையவில்லை. 2023 இல் அது மூடப்பட்டது. 2024 இல் அதே இடத்தில் தியானா என்னும் கறுப்பினப் பெண்ணின் கதை வந்தது. அக்கதையில் அவள் தொழிலாளரே உரிமையாளராயுள்ள உணவுக் கூட்டுறவு ஒன்றை நடத்துகின்றாள். தோட்ட உழைப்பை மறைத்துக் கட்டிய நிலத்தை இலாபம் தேடும் நிறுவனமே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் மாற்ற நேர்ந்தது. அதே பிழையை நாம் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

வேலை வேண்டாவா என்பது இரண்டாவது மறுப்பு. வேண்டும். தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு ஓடும் இளைஞரின் நிலையை நான் அறிவேன். ஆனால் எத்தகைய வேலை? பாலத்தின் வாயிலில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பதும், பயணியின் பையைச் சுமப்பதும் மட்டுமாயின், கூலி வேலை மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கியதன்றி வேறென்ன? தன் கதையைத் தன் மொழியிற் சொல்பவனாக இளைஞன் அங்கு நிற்பானாயின் அதுவே புதிய வேலை.

மூன்றாவது மறுப்பே வலியது. மரணத்தைக் கேளிக்கையாக்கலாமா? ஆகாது. ஆகவேதான் பாலம் வேண்டா என்கின்றேன். தாய்லாந்தில் ‘ஹெல்ஃபயர் பாஸ்’ எனப்படும் மலைவெட்டுப் பாதையில் அவுஸ்திரேலியரின் முயற்சியால் 1998 இல் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அங்கு சறுக்கும் வண்டி இல்லை, வெடி இல்லை. கைகளால் வெட்டப்பட்ட பாறையினூடே வருபவர் நடக்கின்றார். அவருக்குத் தரப்படும் வேடம் சாட்சி என்பதே. சாட்சியாக நடப்பதற்கும் மக்கள் வருவர் என்பதை அந்நிலம் காட்டுகின்றது.

கித்துல்கலையிலும் இவ்வாறே ஆகுக. எஞ்சிய சீமெந்து அடித்தளங்கள் உள்ளபடியே நிற்கட்டும். இல்லாத பாலத்தின் வெறுமையே அங்குள்ள மெய். அவற்றை நோக்கிச் செல்லும் பாதையில், படப் பாலத்தை எழுப்பிய இலங்கைத் தச்சரும், தொழிலாளரும், யானைப் பாகரும் செய்த வேலையைச் சொல்லட்டும். அப்பாதையின் மறுபாதி சயாமிற் பாதை போட்ட தமிழரின் கதையாகட்டும். அக்கதை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கட்டும். நுவரெலியாவைப் போலன்றிச் சபரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பவை. அயலவரும் அறியாத கதையை அந்நியர் மட்டும் அறிந்து பயனில்லை. பாதையின் முடிவில் தோட்டப் பெண்கள் தாமே நடத்தும் ஒரு கடையில் ரொட்டியும், சம்பலும், தேத்தண்ணியும் கிடைக்கட்டும். உணவும் தொழிலும் அவற்றுக்கு உரியவரும் அங்கு வந்துவிட்டால் கருப்பொருள் நிறைவுறும். உரிப்பொருளை நாம் தேடவேண்டியதில்லை. இரங்கல் அங்கு தானே வந்து நிற்கும்.

2023 ஆம் ஆண்டில், காஞ்சனபுரியில், சயாம் பாதையில் மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நடுதல் நம் மரபு. எண்பது ஆண்டுகள் தாமதித்தேனும் அங்கு ஒரு கல் நின்றது. கித்துல்கலைக்குப் பாலம் கேட்போரிடம் நாம் கேட்பது மிகச் சிறியது. வெடித்துச் சிதறுவதற்கென்றே கட்டப்பட்ட ஒன்றை மீண்டும் கட்டுமுன், பாதை போட்டு மாண்டவனுக்கு அந்த ஆற்றங்கரையில் ஒரு கல் நடுக. அக்கல் நின்ற நாளில் அங்கே நிலம் தோன்றிவிடும்.